மூங்கில் புதரில் கிடந்த பச்சைப் பாம்பு: ஓர் ஆசிரியையின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், பீஞ்சமந்தை மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கழிப்பறைக்குப் போகும் வழியிலுள்ள மூங்கில் புதரில், என் தோள் உயரத்தில், ஒரு பச்சைப் பாம்பு சுருண்டு கிடந்தது. இரண்டரை அடி நீளம் இருக்கும், கட்டைவிரல் பருமன், வால் நுனி மட்டும் செங்கல் நிறம். பிள்ளைகள் கூச்சலிட்டும் அது நகரவில்லை. ஊர்க்காரர்கள் அடித்துவிட்டார்கள். வயிறு கிழிந்தபோது உள்ளே ஆறு குட்டிகள் இருந்தன. கண்கொத்திப் பாம்பு என்று சிலரும் பச்சை விரியன் என்று சிலரும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் அதைப் போட்டு வைத்தேன். சில வாரங்களில் உடல் நீலமாகிவிட்டது. விஷம் உடலெங்கும் ஏறியதால்தான் இப்படி ஆனது என்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் மூங்கில் வெட்டப்போன ஒருவரை இதே பாம்பு கையில் கடித்ததாகவும், பச்சிலை வைத்துக் கட்டியதிலேயே குணமாகிவிட்டதாகவும் ஊரில் பேச்சு. அப்படியானால் பாம்பு கடித்தால் மலையிறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லையா? மூங்கில் புதரை அடியோடு வெட்டிவிடலாமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தையும் உடன் அனுப்பியிருந்த படங்களையும் பார்த்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளுள் மிகவும் அவசரமானது பச்சிலையைப் பற்றியது. ஆனால் அதற்கு விடை சொல்வதற்கு முன் அந்தப் பாம்பு எது, அது எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பச்சிலை பலித்ததாகத் தோன்றியதன் காரணம் அந்தப் பாம்பின் இயல்பிலேயே இருக்கிறது.

படத்தில் இருப்பது மூங்கில் குழிவிரியன். கிராஸ்பிடோசெஃபாலஸ் கிராமினியஸ் என்பது அதன் அறிவியல் பெயர். நீண்ட காலம் ட்ரைமெரிசூரஸ் என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இதனையும் தென்னிந்தியாவிலுள்ள இதன் உறவினங்களையும் 2021ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு தனிப் பேரினமாகப் பிரித்தது. உங்கள் பள்ளி நூலகத்திலுள்ள பழைய புத்தகங்களில் பழைய பெயரே இருக்கும், அதில் குழப்பம் கொள்ள வேண்டியதில்லை. இப்பாம்பு அறிவியல் உலகுக்கு அறிமுகமானது நம் கடற்கரையிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் விசாகப்பட்டினத்தில் இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல் 1796-இல் இதனைப் படத்துடன் பதிவு செய்தார். அவர் பதிவை அடிப்படையாக வைத்து ஜார்ஜ் ஷா 1802-இல் இலத்தீன் பெயர் சூட்டினார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரிலும் அறிவியல் பெயரிலும் இடம்பெற்றிருப்பவர் இதே ரஸ்ஸல்தான். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் காடுகளில் பரவலாகவும் மேற்குத் தொடர்ச்சி மலைகளின் சில பகுதிகளிலும் வாழும் இப்பாம்புக்கு, ஓடைகளும் மூங்கிலும் நிறைந்த உங்கள் ஜவ்வாது மலை இயல்பான இருப்பிடம்.

கண்கொத்திப் பாம்பு என்று சொன்னவர்கள் வேறொரு பச்சைப் பாம்பை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மரத்தில்தான் வாழ்கிறது. அதற்கும் சிறிதளவு விஷம் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிவதற்கு நெருங்கிப் போக வேண்டிய அவசியமே இல்லை. கண்கொத்திப் பாம்பு கொடியைப் போன்று மெலிந்து நீண்டது. மூக்கு முன்னோக்கிக் கூராக நீண்டிருக்கும். கண்மணி குறுக்குவாட்டில் கிடக்கும். பகலில்தான் இரை தேடும். சீண்டினால் கழுத்தை விரித்துச் செதில்களுக்கிடையே உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்களைக் காட்டும். அதன் விஷப்பல் மேல்தாடையின் பின்பகுதியில் இருப்பதால் மனிதருக்குப் பெரும்பாலும் சிறு வீக்கத்தோடு போய்விடும். கண்ணைக் குறிவைத்துக் கொத்தும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இலங்கையில் வாழ்வதும் நம் சமவெளியில் வாழ்வதும் ஒரே இனம் என்றுதான் 2020 வரை கருதப்பட்டு வந்தது. அந்த ஆண்டில் இரண்டும் பிரிக்கப்பட்டு, நம்முடையதற்கு அஹீட்டுல்லா ஆக்சிரிங்கா என்னும் பெயர் மீட்கப்பட்டது.

மூங்கில் குழிவிரியனோ எல்லா வகையிலும் வேறானது. உடல் பருத்துக் குட்டையாக இருக்கும். பெரும்பாலானவை இரண்டு, இரண்டரை அடியைத் தாண்டுவதில்லை, பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது. தலை முக்கோண வடிவில் அகன்று, கழுத்து தெளிவாக ஒடுங்கியிருக்கும். கண்மணி நெட்டுக்குத்தாக நிற்கும். அடிவயிறு வெளிர் மஞ்சளாகவோ வெளிர் பச்சையாகவோ இருக்கும். உடலின் பக்கவாட்டில், வயிற்றை ஒட்டிய செதில் வரிசையில் ஒரு வெளிர்க்கோடு ஓடும். நீங்கள் செங்கல் நிறம் என்று குறிப்பிட்ட வால் நுனியும் அடையாளங்களில் ஒன்றே. அந்த வால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் வலிமையுடையது. உடலின் முன்பகுதி முழுவதையும் வெளியில் நீட்டி இரையைத் தாக்கும்போது பாம்பைத் தாங்கி நிற்பது அதுவே.

அதன் உடலமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் குழி. குழிக்குள் ஒரு மெல்லிய சவ்வு குறுக்கே விரிந்திருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவு. சவ்வின் இருபுறமும் காற்று இருப்பதால், எதிரிலுள்ள எலியோ குருவியோ வெளிவிடும் வெப்பக் கதிர் படும் கணத்திலேயே அது சூடேறுகிறது. டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு அளவே உயர்ந்தாலும் சவ்விலுள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்துவிடுகின்றன. நம் உடலில் கடுகின் காரத்தை உணர்த்தும் அதே வகைப் புரதம்தான் குழிவிரியன் இனங்களில் வெப்பத்தை உணரும் வேலையைச் செய்கிறது என்பது 2010-இல் தெரியவந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தியும் குழியிலிருந்து வரும் செய்தியும் மூளையில் ஒரே பகுதியில் சென்று சேர்வதால், இருளில் மூங்கிலின் மேல் கிடக்கும் இப்பாம்பு தன்னைச் சுற்றியுள்ளவற்றை ஒளியாகவும் வெப்பமாகவும் ஒருங்கே உணர்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அறிவியல் பாடத்தில் வெப்பக் கதிர்வீச்சைப் பற்றி நடத்தும்போது, அவர்கள் கண்ணால் பார்த்த ஓர் உயிரைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

பிள்ளைகள் கூச்சலிட்டும் அது ஏன் நகரவில்லை என்பதற்கும் அதன் வாழ்க்கை முறையே காரணம். இரவில் இரை தேடும் இப்பாம்பு பகல் முழுவதும் இலைகளுக்கிடையே சுருண்டு அசையாமல் கிடக்கும். ஓடிப் பிழைப்பது அதன் வழியன்று. பச்சை நிறத்தையும் அசைவின்மையையும் நம்பியே அது பிழைக்கிறது. இரை தேடுவதும் அப்படித்தான். தவளையோ பல்லியோ சிறு பறவையோ எலியோ எட்டும் தொலைவுக்கு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருந்து தாக்கும். வாய் மூடியிருக்கும்போது அதன் நீண்ட விஷப்பற்கள் மடக்குக் கத்தியைப் போல் மேல்தாடையோடு மடிந்து கிடக்கும். தாக்கும்போது நிமிர்ந்து முன்னால் வரும். தரையில் வாழும் விரியன்கள் எலியைக் கடித்துவிட்டு உடனே விட்டுவிடும், பிறகு மோப்பம் பிடித்துப் பின்தொடரும். மரத்தில் வாழ்பவற்றுக்கு அந்த வசதி இல்லை; விட்டால் பறவை பறந்துவிடும், தவளை கீழே புதரில் விழுந்து மறைந்துவிடும்; எனவே கடித்த வாயை விடாமல், இரை அடங்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும்.

வயிற்றில் குட்டிகள் இருந்ததைக் கண்டு பிள்ளைகள் திகைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாம்பு முட்டையிடும் என்பது பொதுவாகச் சரி. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் சாரையும் முட்டையிடுபவை. ஆனால் மூங்கில் குழிவிரியனும் கண்ணாடி விரியனும் நம் பகுதிச் சுருட்டை விரியனும் முட்டையை வயிற்றுக்குள்ளேயே பொரிய வைத்துக் குட்டிகளாக ஈனுகின்றன. கண்கொத்திப் பாம்பும் அப்படியே. மரத்தில் வாழும் பாம்புக்கு இதில் ஒரு நன்மை உண்டு. முட்டையிடுவதற்குத் தரையில் பாதுகாப்பான இடம் தேடி இறங்க வேண்டியதில்லை, வெயிலுக்கும் நிழலுக்குமாகத் தானே இடம் மாறி, வளரும் குட்டிகளுக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளி அருகே பகலில் தோள் உயரத்தில் கண்ணில் படும்படி அந்தப் பாம்பு கிடந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிறந்த குட்டிகளுக்குத் தாய் இரை கொடுப்பதில்லை; முதல் நாளிலிருந்தே அவற்றுக்கு விஷப்பல்லும் விஷமும் உண்டு. எனவே விரல் நீளக் குட்டிதானே என்று யாரும் கையில் எடுக்கக் கூடாது.

நீலமாகிய செய்திக்கு வருகிறேன். அதற்கும் விஷத்துக்கும் தொடர்பில்லை. இவ்வகைப் பாம்புகளின் தோலில் பச்சை என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. மேலடுக்கில் மஞ்சள் நிறமி உள்ள செல்களும், அதற்குக் கீழே நீல ஒளியைத் திருப்பியனுப்பும் நுண்படிகங்கள் கொண்ட செல்களும் இருக்கின்றன; இரண்டும் சேர்ந்தே நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. ஸ்பிரிட்டில் போட்டால் மஞ்சள் நிறமி கரைந்து வெளியேறிவிடுகிறது, நுண்படிகங்கள் அப்படியே இருக்கின்றன. எனவே எஞ்சுவது நீலம். அருங்காட்சியகக் குப்பிகளில் உள்ள பச்சைப் பாம்புகள் பெரும்பாலும் நீலமாகவே இருப்பதை நீங்கள் பார்க்கலாம். அவற்றுள் விஷமற்றவையும் உண்டு. விஷம் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் மட்டுமே இருக்கிறது. அது இறந்த பிறகும் உடலெங்கும் பரவுவதில்லை.

இனி அந்த மூங்கில் வெட்டியவரின் கதை. அவரை மூங்கில் குழிவிரியன் கடித்திருக்கவும் கூடும், அவர் பிழைத்ததும் உண்மையாக இருக்கவும் கூடும். ஆனால் அவரைப் பிழைக்க வைத்தது பச்சிலை அன்று. இப்பாம்பின் விஷம் இரத்தத்தையும் தசையையும் தாக்கும் வகையைச் சேர்ந்தது, கடிபட்ட இடத்தில் கடுமையான வலியும் வீக்கமும், சில வேளைகளில் கொப்புளமும் ஏற்படும், குமட்டல் வரலாம், அரிதாக இரத்தம் உறைவதில் கோளாறு ஏற்படலாம். உயிரிழப்பு மிக மிக அரிது. பெரும்பாலானோர் சில நாட்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். அந்தச் சில நாட்களும் கையில் பச்சிலைக் கட்டு இருந்தால், குணத்தின் பெருமை முழுவதும் கட்டுக்குப் போய்ச் சேர்கிறது. போதாததற்கு, எந்த விஷப்பாம்பானாலும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. விஷமில்லாத பாம்பு கடித்ததையும் விஷப்பாம்பு என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. இப்படிப் பிழைத்தவர்களின் கணக்கெல்லாம் ஒரே வைத்தியத்தின் பெயரில் சேர்ந்துகொண்டே போகிறது.

என் கவலை இங்கேதான். மூங்கில் குழிவிரியனின் கடியில் பெற்ற அந்த நற்பெயரோடு அதே பச்சிலை, அடுத்த முறை கட்டுவிரியன் கடித்த குழந்தையின் காலில் கட்டப்படுகிறது. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அனேகமாக இருக்காது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், கண் இமைகள் சரியும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். வேலூர்ப் பக்கத்துக் கல்லாங்குத்து நிலங்களில் சுருட்டை விரியனும் உண்டு. இவற்றின் முன் எந்த இலையும் நிற்காது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். உங்கள் வட்டத்திலேயே, அல்லேரி மலையில், 2023 மே மாதத்தில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏற்கெனவே தொலைவு நம் நேரத்தைத் தின்னும் மலையில், பச்சிலைக்கென்று மேலும் இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க நம்மால் இயலாது. மலைவாழ் மக்களின் மூலிகை அறிவை நான் மதிக்கிறேன். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அவர்கள் அறிந்தவற்றில் பல பயனுள்ளவை. ஆனால் பாம்புக்கடி அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் நீங்கள் மரியாதையோடும் உறுதியோடும் சொல்ல வேண்டும். ஆசிரியை சொன்னால் கேட்பார்கள்.

விஷமுறிவு மருந்தைப் பற்றியும் ஒரு செய்தியைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. அந்த விஷத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பது வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மூங்கில் குழிவிரியனின் விஷம் அதில் சேர்க்கப்படுவதில்லை. எனவே அந்த மருந்தை இதன் கடிக்கு நம்ப முடியாது. அப்படியானால் மருத்துவமனைக்குப் போய் என்ன பயன் என்று யாரேனும் கேட்பார்கள். கடித்தது எது என்பதைக் கடிபட்டவரின் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதே முதல் காரணம்; இருட்டில் பார்த்த பாம்பின் நிறத்தை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாகாது. மருத்துவமனையில் சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள்; இந்த எளிய சோதனையிலேயே பல செய்திகள் தெரிந்துவிடும். வலிக்கு மருந்து, வீக்கத்தின் மீது கண்காணிப்பு, புண் அழுகாமல் பராமரிப்பு, வேண்டிய நேரத்தில் மூச்சுக்கு உதவி ஆகிய அனைத்தும் அங்கேதான் கிடைக்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது; அதற்கு முன்னால் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா என்பதை இப்போதே கேட்டறிந்து, பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது. வீட்டிலேயே கட்டுப்போட்டு முடித்துக்கொண்ட கடி எந்தக் கணக்கிலும் வராது, கணக்கில் வராத ஊருக்கு மருந்தும் எளிதில் வந்து சேராது.

கடித்தவுடன் செய்ய வேண்டியது மிகக் குறைவே. கடிபட்டவரை உட்கார வைத்துத் தைரியம் சொல்லுங்கள்; மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண் போன்றவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள்; கடிபட்ட கையையோ காலையோ முறிந்த எலும்புக்குச் செய்வது போல் ஒரு மட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள்; 108-ஐ அழையுங்கள்; வண்டி வராத பாதையானால் அவரை நடக்க விடாமல் டோலியிலோ இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்தோ கீழே கொண்டுவாருங்கள். கயிறு கட்டி இறுக்குதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சூடு போடுதல் ஆகியவை எல்லாம் தீங்கு. குறிப்பாகக் குழிவிரியன் கடியில் இறுக்கிக் கட்டுவது, விஷத்திலிருந்து தப்பிப் பிழைத்திருக்கக்கூடிய விரலையும் இழக்க வைத்துவிடும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம், அது இரத்தக் கசிவைக் கூட்டும். பாம்பை அடித்து எடுத்துவர வேண்டிய தேவையும் இல்லை. பாதுகாப்பான தொலைவிலிருந்து கைபேசியில் ஒரு படம் கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டால் அதற்காக நிற்க வேண்டாம்.

மூங்கிலை அடியோடு வெட்ட வேண்டாம். பாம்பை விரட்ட முள்மூங்கிலையும் கல்மூங்கிலையும் அழித்தால் மண்சரிவும் வெயிலும்தான் மிஞ்சும். பாம்பு அடுத்த புதருக்குப் போகும். கழிப்பறை வழியின் இருபுறமும், வளர்ந்த ஆள் கை நீட்டினால் கிளை தொடாத அளவுக்கு, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். இதில் ஒன்றை மறக்கக் கூடாது: பாம்பு என்றதும் நாம் காலைப் பார்த்து நடக்கிறோம், ஆனால் இப்பாம்பின் கடி பெரும்பாலும் கையிலும் சில வேளை முகத்திலும்தான் படுகிறது, ஏனெனில் அது இருப்பது நம் இடுப்புக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில். எனவே செருப்பு மட்டும் போதாது. பந்து புதருக்குள் போனால் கையை விடாமல் நீண்ட குச்சியால் தள்ளி எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மாலைக்குப் பிறகு அந்த வழியில் டார்ச் இல்லாமல் யாரும் போக வேண்டாம். மூங்கில் வெட்டுவோர் முதலில் கொத்தை நீளமான கழியால் தட்டிவிட்டு, சற்று நின்று பார்த்துவிட்டுக் கை வைக்கட்டும். பினாயில், பூண்டுக் கரைசல் ஆகியவற்றைத் தெளித்தால் பாம்பு வராது என்று கடைகளில் சொல்வதை நம்பி பள்ளிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மழைக்காலத்தில் தவளை பெருகும்போது ஓடை ஓரத்தில் இவையும் கூடுதலாகத் தென்படும். அந்த மாதங்களில் மட்டும் காலையில் பள்ளி தொடங்குமுன் ஒருவர் புதரை ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. பாம்பு இருந்தால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் நாள் முழுவதும் கிடக்கும் பாம்பாதலால், ஆள் வரும்வரை தொலைவில் நின்று காவல் காப்பதில் சிரமம் இருக்காது.

குப்பியைப் பற்றி. பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்த உடலையும் அனுமதியின்றி வைத்திருக்கலாகாது. நீங்கள் நல்ல நோக்கத்தோடுதான் செய்தீர்கள், ஆனாலும் எழுத்துமூலமாக விவரம் தெரிவித்து, ஒடுகத்தூர் வனச்சரக அலுவலகத்தில் அதை ஒப்படைத்துவிடுங்கள். வகுப்பில் காட்டுவதற்கு நீங்கள் எடுத்த படங்களே போதுமானவை. அவற்றில் இரண்டில் கண்ணுக்கு முன்னால் உள்ள குழி தெளிவாகத் தெரிகிறது, அவற்றைப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள்.